பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

சென்ற மாதம் பங்கின் தேவைக்கென 14 ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டியொன்றை வாங்கினோம். திருவிழாவிற்குள் வண்ணம் பூசிவிட வேண்டுமென்று இளைஞர்கள் துடித்தனர். நாமும் இரகசியமாகப் பெயிண்ட் விலையை விசாரித்து வைத்திருந்தோம்!

மெக்கானிக்கோ பின்சக்கரங்களைக் கழற்றிக் காட்டினார். வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் லைனிங் ஆயிலில் ஊறிக் கிடந்தது. எஞ்சியிருந்த ஆயிலும் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையில் புதியது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் புகுந்ததோ 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறி, குழாய்க்குள் ஆவி உண்டானால், பெடல் அப்படியே அமுங்கிவிடும், வண்டி நிற்காது. மலைக்கிராமத்திற்கு அரிசி மூட்டை ஏற்றிச் செல்லவிருக்கும் ஓட்டுநருக்கு மூன்று சிறு பிள்ளைகள். நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

டயர்களில் 2313 என்ற எண் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்பது அதன் பொருளாம். தேயாதவைபோல் தோன்றினும், பக்கச் சுவர்களில் வெடிப்பு. நான்கையும் மாற்றினோம். வண்ணத்திற்கென ஒதுக்கிய பணம் அத்துடன் தீர்ந்தது.

திருவிழாவன்று வண்டி துருவோடுதான் வந்தது. இளைஞர்களுக்கு இன்னும் மனக்குறைதான். அறுவடை முடியட்டும், பார்க்கலாம் என்று கூறியிருக்கிறோம்.