நீரின் எல்லையையும் அறிவோம்

பனச்சமூட்டில் வாழ்வோர்க்கு எல்லைக்கோடு புதிதன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எந்தக் கடை எந்த மாநிலம் என்பதை அங்கே சிறுவனும் சொல்வான். ஆனால், பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்னும் மற்றொரு கோடும் உண்டு. அதைக் கேட்டால் பெரியவர்களும் விழிப்பர். அதுவே என் கவலை.

பிழைப்புத் தேடி அவ்வூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஐந்து சென்ட் நிலமேனும் சொந்தமாக வாங்குவதே எம்போன்றோர் கனவு. மலிவாகக் கிடைக்கும் நிலம் எது? பெரும்பாலும் ஓடைக்கரை, அல்லது மண்ணிட்டு நிரப்பிய ஏலா. மேடு பழைய குடிகளின் கையில். பள்ளம் புதுக்குடிகளின் தலையில்! பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதுகிறோம். தண்ணீரின் எல்லையை எவர் எழுதுகிறார்?

“வெள்ளம் நூறாண்டுக்கு ஒருமுறைதானே!” என்று ஆறுதல் சொல்வார் உண்டு. விஞ்ஞானம் பயிலும் நாம் இதை மறுக்கக் கடமைப்பட்டவர்கள். நூறாண்டு வெள்ளம் என்றால், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். முப்பதாண்டுக் கடனில் வீடு கட்டுபவர் அதை ஒருமுறையேனும் காண்பதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. அதாவது, நாலில் ஒன்றுக்கும் சற்று மேல்.

1924-இல் வந்த ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ கேரளத்தில் பாட்டிகள் சொல்லும் கதையாயிற்று. 2018-இல் ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை 1,649.5 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 2,346.6 பெய்தது, கதை மீண்டும் உண்மையாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டிலும் வெள்ளம் வந்தது. 2021 நவம்பரில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. வானம் பஞ்சாங்கம் பார்த்துப் பெய்வதில்லை.

காப்பீட்டின் நிலை என்ன? தெருவில் ஓடும் ஸ்கூட்டருக்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லாவிடில் சட்டம் தண்டிக்கிறது. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் விழுங்கிய வீட்டுக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. கடன் கொடுத்த வங்கி தன் ஈட்டைக் காக்கக் கேட்டால்தான் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பாலிசியை வழங்குகின்றன. வெள்ளமும் நிலச்சரிவும் அதில் அடங்கும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கவும் வழியுண்டு. இருந்தும், இதை அறிந்தவர் எத்தனை பேர்?

அமெரிக்கா 1968-இல் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கண்டது. 1973-இல், வெள்ள அபாயப் பகுதியில் கடன்பெற்று வாங்கும் வீட்டுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எப்படி முடிந்தது? எது அபாயப் பகுதி என்று வரைபடம் காட்டியதால்! இங்கும் 1975-லேயே மத்திய நீர்வள ஆணையம் வெள்ளச் சமவெளிகளை வகைப்படுத்த மாதிரிச் சட்டம் ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1978-இல் மணிப்பூர், 1990-இல் ராஜஸ்தான் என, சட்டமியற்றிய மாநிலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டாயம் என்றால் ஏழை என் செய்வான் என்பது நியாயமான கேள்வியே. பள்ளத்தில் இருப்பவனிடமே பிரீமியமும் அதிகம் கேட்டால், அது காப்பன்று, தண்டம். ஆதலின் முதலில் வேண்டுவது கட்டாயமன்று, அறிவிப்பு. வெள்ள வரைபடம் கிராம அலுவலகத்திலும் பதிவாளர் அலுவலகத்திலும் தாய்மொழியில் தொங்கட்டும். சர்வே எண்ணைச் சொன்னால் அபாயம் இன்னதென்று தெரியட்டும். அதன்பின் கட்டாயம் வரட்டும். ஏழையின் பிரீமியத்தில் அரசும் பங்கேற்கட்டும். எல்லைப்புறத்தில் திருவனந்தபுரமும் குமரியும் சேர்ந்தே வரையட்டும். ஓடைக்கு மாநிலம் தெரியாது.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். அளவுநாடாவோடு சென்று, வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று முதியோரைக் கேட்டுக் குறித்து வருவோம். நம் வீட்டார் முன்பணம் கொடுக்குமுன் அந்தக் குறிப்பு அவர்கள் கையில் இருக்கட்டும். படித்தவன் ஊருக்குச் செய்யும் கைம்மாறு அது.