யாருக்காக இந்தக் கண்ணீர்?

ஜான் பாய்ன் எழுதி 2006இல் வெளிவந்த ‘கோடு போட்ட பைஜாமா அணிந்த சிறுவன்’ சிறார் நாவலை வாசித்தோர் பலரும் மனம் கலங்கியதாகக் கூறுகின்றனர். யாருக்காகக் கலங்கினர் என்பதே கேள்வி.

நாஜி முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் யூதர் யாரென்றே அறியாதவன். வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்புக் கொள்கிறான். இறுதியில் அவனுடன் நச்சுவாயு அறையில் மடிகிறான். வாசகரின் துக்கம் தளபதியின் வீட்டுக்கே சென்று சேர்கிறது.

கற்பனைக் கதைதானே என்பர். ஆனால் அக்கற்பனை மறைப்பது எதை? நாஜி ஜெர்மனியின் பாடநூல்களே யூத வெறுப்பைப் போதித்தன. பத்து வயதானதும் சிறுவர்களை இட்லரின் இளைஞர் அமைப்பு சேர்த்துக்கொண்டது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் ஆஷ்விட்ஸ் கைதிகளைக் கொண்டே ஆலை கட்டியது. அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் சுமார் 2,32,000 பேர். பெரும்பாலோர் வந்திறங்கியதுமே கொல்லப்பட்டனர். 1945 ஜனவரி 27 அன்று செஞ்சேனை மீட்டபோது எஞ்சியிருந்த குழந்தைகள் சில நூறு பேரே.

இவ்வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இந்நூலைத் தவிர்க்க வேண்டுமென 2020இல் ஆஷ்விட்ஸ் நினைவகமே கூறியது. குழந்தைகளுக்குப் பாசிசத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொன்றது யார், கொல்லப்பட்டது யார், ஆதாயம் அடைந்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.