தேவாலாவின் பொன்னும் காஞ்சியின் நாணயமும்

காஞ்சி நெசவாளர் நாள்தோறும் கையாளும் சரிகையில் பொன் எவ்வளவு? பட்டிழையின்மேல் வெள்ளியைச் சுற்றி, அதன்மேல் ஏற்றும் மெல்லிய பூச்சே பொன். தாங்கி நிற்பவை பட்டும் வெள்ளியுமே. இதனை மறந்து, பளபளப்பை மட்டும் நம்பிப் பணம் போட்டோர் அடைந்த கதிக்கு நம் நீலகிரியே சான்று.

கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் என்னும் மலையூர்கள் உள்ளன. அங்குள்ள பழங்குடியினர் நெடுங்காலமாக ஆற்று மணலை அரித்துச் சிறிது பொன் எடுத்து வந்தனர். பின்னர் வந்த வெள்ளைக்காரத் துரைமாரின் காப்பித் தோட்டங்கள் பூச்சியாலும் இலை நோயாலும் நலிந்தன. அவ்வேளையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறை அதிகாரியாயிருந்த பிரஃப் ஸ்மித் என்பவரை இந்திய சர்க்கார் 1879-இல் அழைத்து ஆராயச் செய்தது. அவருடைய நம்பிக்கையான அறிக்கை வெளியானதும் லண்டனில் பொன் ஜுரம் மூண்டது. 1880, 1881 ஆகிய இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவை அறிவித்த மூலதனம் ஏறத்தாழ 40 லட்சம் பவுன். மலையைக் கண்ணாலும் காணாதவர்கள் பங்குகளை வாங்கிக் குவித்தனர்.

விளைந்தது என்ன? திரட்டிய பணத்தில் பெரும்பகுதி, நலிந்த தோட்டங்களைக் கொள்ளை விலைக்கு விற்றவர்களைச் சேர்ந்தது. எஞ்சியது பாறை உடைக்கும் இயந்திரங்களுக்குச் செலவாயிற்று. பொறுக்கி எடுத்த மாதிரிக் கற்களில் மின்னிய பொன், மலையளவு கல்லை அரைத்தபோது செலவுக்கும் கட்டவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கலைந்தன. சுரங்கங்களைக் காடு மூடிற்று.

கோலாரில் பொன் கிடைக்கவில்லையா என்று சிலர் வினவலாம். கிடைத்தது, நூறாண்டுக்கு மேல் கிடைத்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பாதாளத்தில் இறங்கி அதனை வெட்டினர். ஆயினும் 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்கள் சந்ததியார்க்கு மிஞ்சியது வேலையின்மையே.

தேவாலாவின் பொன் ஜுரம் தணிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1904 அக்டோபரில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் நம் காஞ்சியில் பதிவாயிற்று. அந்த இயக்கம் புதையலைத் தேடவில்லை; ஒருவரையொருவர் அறிந்த மக்களின் நாணயத்தையே மூலதனமாகக் கொண்டது.

இன்றும் பொன்னின் பெயரால் பெருவட்டி காட்டி அழைப்போர் உளர். தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பணத்தை அவர்களிடம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எத்தொழிலில் இடப்படுகிறது? கணக்கை யார் தணிக்கை செய்கிறார்? இழப்பு நேர்ந்தால் பொறுப்பவர் யார்? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லையேல் அது இன்னொரு தேவாலாவே.

நம் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கூலி காலத்தில் கிடைக்காமலும், அவசரக் கடனுக்கு அங்கத்தினர் பன்முறை படியேறவும் நேர்ந்தால், அவர்கள் வெளியார் வாசலை நாடுவதில் வியப்பில்லை. சங்கம் சுறுசுறுப்பாக இயங்கட்டும். அங்கத்தினரும் மகாசபைக்குத் தவறாது வந்து கணக்கைக் கேட்கட்டும். சரிகைக்குப் பட்டிழை எப்படியோ, சங்கத்துக்கு நாணயம் அப்படி. அது அறுந்தால் எந்தப் பூச்சும் நில்லாது.