கால் குதிரைத்திறன்

விமானம் என்றாலே நம் ஆட்கள் ரஃபேல், போயிங், ஜெட் என்ஜின் என்று ஆரம்பித்து விடுவார்கள். நான் எழுத வந்தது பெட்ரோலே போடாத ஒரு விமானத்தைப் பற்றி. அதற்கும் என்ஜின் இருந்தது. ஆனால் அந்த என்ஜின் ஒரு மனுஷன்!

பிரையன் ஆலன் என்ற அமெரிக்கர் 1979 ஜூன் 12 அன்று, சைக்கிள் மிதிக்கிற மாதிரி பெடலை மிதித்துக்கொண்டே ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் அருகே கிளம்பி பிரான்சில் இறங்க 2 மணி 49 நிமிடம் ஆனது. தூரம் சுமார் 36 கி.மீ. விமானத்தின் பெயர் காஸமர் அல்பட்ராஸ்.

இதைச் சொன்னதும் என் வகுப்பு நண்பன் ஒருவன், "ஆள் பெரிய பயில்வானா இருப்பான் மச்சான்" என்றான். அதுதான் இல்லை. ஆலன் ஒல்லியான ஆசாமி. சைக்கிள் ஓட்டுவார், ஹேங் கிளைடரில் பறப்பார், அவ்வளவே.

நண்பர்களே, இங்கே ஒரு சின்னக் கணக்கு. முதலாம் ஆண்டு பிசிக்ஸ்தான், பயப்பட வேண்டாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தரைத் தளத்திலிருந்து மூன்றாவது மாடி டிராயிங் ஹாலுக்கு, அதாவது 9 மீட்டர் உயரம், 30 விநாடியில் ஏறுகிறார் என்று வையுங்கள். 60-ஐ 9.8-ஆலும் 9-ஆலும் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 176 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக நம்மவர் கொடுத்தது கால் குதிரைத்திறனுக்கும் கொஞ்சம் கம்மி. டிராயிங் ஹால் வாசலில் நின்று எத்தனை பேர் மூச்சு வாங்குகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலன் கிட்டத்தட்ட இதே வேலையை, சமயத்தில் இதற்கு மேலும், 169 நிமிடம் விடாமல் செய்தார்.

சில விநாடிக்கு மட்டும் ஒரு முழுக் குதிரைத்திறனைக் கொடுக்க நம்மில் பலராலும் முடியும். பஸ் நகர ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஏறுகிறோமே, அப்போது. அது பறப்பதற்கு உதவாது. நின்று நிதானமாக எவ்வளவு நேரம் எவ்வளவு வாட் கொடுக்க முடியும் என்பதுதான் கேள்வி. ஜிம் கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்க்கும் சகோதரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

மனிதத் தசையை நம்பிப் பறக்க முடியாது என்று 1680-இல் வெளியான நூலிலேயே இத்தாலியரான பொரெல்லி சொல்லிவிட்டார். பறவை மாதிரி இறக்கையடிக்க நினைத்தால் அவர் சொன்னது சரியும்கூட. 1959-இல் ஹென்றி கிரேமர் என்ற தொழிலதிபர் இதற்கென்று ஒரு பரிசை அறிவித்தார். எட்டு வடிவத்தில் ஒரு சுற்று பறந்து காட்ட வேண்டும். 1961-இல் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர்கள் (ஆமாம், நம்மைப் போல மாணவர்கள்!) கட்டிய விமானம் முதன்முதலாக மனித பலத்தால் தரையை விட்டுக் கிளம்பியது. பறந்தது 64 மீட்டர். ஆனாலும் பரிசு 18 வருஷம் யார் கைக்கும் வரவில்லை.

கடைசியில் வாங்கியவர் பால் மெக்ரெடி. நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர். பரிசுத் தொகை அந்தக் கடனை அடைக்கும் என்றுதான் இதில் இறங்கினார். (கடன் எவ்வளவு பெரிய என்ஜின் பாருங்கள்!) மற்றவர்கள் அழகான விமானம் கட்டினார்கள். அது விழுந்தால் ரிப்பேர் பார்க்க மாதக்கணக்கு ஆகும். இவர் மெல்லிய குழாய்களும் கம்பியும் பிளாஸ்டிக் தாளும் வைத்துக் கட்டினார். உடைந்தால் டேப் ஒட்டி மறுபடியும் கிளப்பலாம். இறக்கையை மிகப் பெரிதாக்கி, வேகத்தையும் எடையையும் குறைத்து, வேண்டிய சக்தியை ஒரு மனுஷனால் கொடுக்கக்கூடிய அளவுக்கு இறக்கினார். 1977-இல் முதல் பரிசு கிடைத்தது. அடுத்து கால்வாயைக் கடந்த அல்பட்ராஸின் எடை சுமார் 32 கிலோ. இறக்கையோ ஏறத்தாழ 30 மீட்டர்! என் கணிப்பில் இது என்ஜினைப் பெரிதாக்காமல் ஜெயித்த டிசைன். ஆனால் அந்தச் சின்ன என்ஜினும் பழுதில்லாமல் ஓடியாக வேண்டும்.

கால்வாய்ப் பயணத்தில் எதிர்க்காற்று அடித்தது. இரண்டு மணி நேரத்துக்கென்று கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தது. காலில் தசைப்பிடிப்பு. ஒரு கட்டத்தில் ஆலன், போதும், படகில் கட்டி இழுத்துவிடுங்கள் என்று சைகை காட்டிவிட்டார். கயிறு மாட்ட வசதியாகக் கொஞ்சம் மேலே ஏறினால், அங்கே காற்று அமைதியாக இருந்தது. சரி, இன்னும் கொஞ்சம் மிதிப்போம் என்று தொடர்ந்தவர்தான் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் தீர்ந்தது சின்ன விஷயமில்லை. நம் தசை, சாப்பாட்டுச் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பம். மோட்டார் வண்டிக்கு ரேடியேட்டர், நமக்கு வியர்வை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பெரும்பாலோருக்குக் காத்திருப்பது ஏசி ரூம் அல்ல, ஷாப் ஃப்ளோர். ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும். போன வருஷ சீனியர் ஒருவர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து மூன்றே மாதத்தில் இடுப்பு வலி தாங்காமல் திரும்பி வந்தார். வேலை தெரியாமல் அல்ல, லேத்தில் கெட்டிக்காரர். இங்கேயோ, டைம் டேபிளில் இருக்கும் உடற்பயிற்சி பீரியடில் நாம் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறோம். மைதானத்தில் பாதி பைக் ஸ்டாண்டு. லேத்துக்கு மாதாமாதம் எண்ணெய் போட அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். ஆபரேட்டருக்கு?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆலன் ஒரே மூச்சில் செய்ததைவிடக் குறைவு, அதுவும் நாம் ஏழு நாளில் பிரித்துச் செய்யலாம். சைக்கிளில் கல்லூரிக்கு வந்தாலே பாதி முடிந்தது. பைக் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் சண்டை போடுகிறவர்கள் ஒரு செமஸ்டர் தள்ளிப் போடலாம்.

மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை இரண்டு. அந்த பீரியடைத் திரும்பக் கேளுங்கள். அப்புறம், கடையில் ரெடிமேடாக பிராஜெக்ட் வாங்கும் காசில், நாமே ஒரு மிதி யந்திரம் செய்து கண்காட்சியில் வைப்போம். பழைய சைக்கிள், ஒரு ஆல்டர்னேட்டர், வோல்ட் மீட்டர், அம்மீட்டர் போதும். வருகிறவர்கள் பத்து நிமிடம் மிதிக்கட்டும். எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்று பெயர் போட்டு எழுதி ஒட்டுவோம், ஆசிரியர்களுக்கும் சேர்த்து. சைக்கிள் என்னிடம் இருக்கிறது, செயின்தான் புதிதாக மாட்ட வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு வழி தெரிந்த எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்புப் பக்கம் வந்து சொல்லவும்.