கடைசி வரிசை ஆசனம்

ரொயோட்டா நிறுவனத்தார் தங்கள் லாண்ட் குறூசர் 300 என்னும் பெருவாகனத்துக்கு ஹைபிரிட் யந்திரம் பூட்டி விற்பனைக்கு விடுகிறார்கள் என்ற செய்தி பரவிய நாள் முதலாக, யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலிற் பிறந்து தூரதேசங்களிற் குடியேறிவிட்ட எங்கள் உறவினரோடு தொலைபேசியிற் பேசும்போதெல்லாம், கோயில் உற்சவத்துக்கும் காணி உறுதிக்கும் அடுத்தபடியாக ஒரு விஷயம் தவறாமல் வந்துவிடுகிறது: ஊரில் இருக்கும் குடும்பத்துக்கென்று பெரிய ஜீப் ஒன்று வாங்குவதானால், இப்போது கிடைப்பதை வாங்குவதா, வரப்போகும் மாற்றங்களுக்காகக் காத்திருப்பதா என்பதே அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின் இக்கேள்வி இன்னும் வலுத்திருக்கிறது.

மாற்றங்களின் சாரத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். 2007இல் வெளிவந்த 200 வரிசை வண்டிக்குப் பதிலாக 2021 ஜூனில் அறிமுகமான 300 வரிசையில், பழைய எட்டுச் சிலிண்டர் யந்திரங்கள் நீங்கி, 3.5 லீற்றர் பெற்றோல், 3.3 லீற்றர் டீசல் என இரட்டை ரேர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் யந்திரங்கள் வந்தன; வண்டியின் பாரம் ஏறத்தாழ 200 கிலோ குறைந்தது; முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரத்தை மாத்திரம் முன்பிருந்த 2,850 மில்லிமீற்றரிலேயே வைத்துக்கொண்டார்கள். புதிய ஹைபிரிட் வகையில், அதே பெற்றோல் யந்திரத்துக்கும் பத்துப்படிக் கியர்ப்பெட்டிக்கும் நடுவே மின்மோட்டார் ஒன்று அமர்ந்து, இரண்டும் சேர்ந்து 341 கிலோவாற் வலுத் தருகின்றன. 700 மில்லிமீற்றர் ஆழமான நீரைக் கடக்கும் சக்தியை மின்கலம் சேர்ந்த பின்னும் அவர்கள் கைவிடவில்லை. மாரிமழையில் எங்கள் ஒழுங்கைகள் நிற்கிற நிலையை அறிந்தவர்கள் இதை மெச்சவே செய்வார்கள்.

ஆயினும் இந்த மின்மோட்டார் எரிபொருளை மிச்சப்படுத்துவதைக் காட்டிலும் வலுவைப் பெருக்குவதையே பிரதான நோக்கமாகக் கொண்டு பொருத்தப்பட்டது என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ளவேண்டும். பண்ணைப் பாலத்திலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் ஏறுவதற்கு ஒரு மேடு தானும் இல்லாத தீவிலே, 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் மாறாத ஜனங்களுக்கு, அத்தனை குதிரைவலுவால் ஆகப்போகும் பிரயோசனம் யாது? யந்திரத்தின் கொள்ளளவு ஏற ஏற உற்பத்தி வரியும் ஏறி, அதன்மேல் 18 வீதப் பெறுமதிசேர் வரியும் விழுகிற எங்கள் நாட்டில், உபயோகிக்காத வலுவுக்கும் சேர்த்தே பணம் கட்ட நேர்கிறது.

என் அபிப்பிராயத்தில், குடும்ப வாகனம் ஒன்றின் தரத்தை அளப்பதற்குரிய இடம் அதன் கடைசி வரிசை ஆசனமே. சாரதிக்கு முன்னால் எத்தனை அங்குலத் திரை இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் பலர். மூன்றாம் வரிசையில் இருக்கும் சிறுவனுடைய முழங்கால் எங்கே முட்டுகிறது, அவனுக்கு இடுப்போடு தோளையும் பிடிக்கும் பட்டி உண்டா, பக்கவாட்டுக் காற்றுப்பை அவனிருக்கும் இடம்வரை நீள்கிறதா என்று விசாரிப்போர் அரிது. பழைய 200இல் அந்த ஆசனங்கள் இரு பக்கமும் மடிந்து தொங்கிச் சாமான் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. 300இல் அவை தளத்துக்குள் மடிந்து மறைகின்றன. இந்த மாற்றத்தை நான் பெரிதென்று கருதுகிறேன். ஆனால் அதே நிறுவனத்தின் பிராடோ 250இல், 48 வோல்ற் மின்கலத்தோடு வந்த ஏழு ஆசன வகைகளிற் கடைசி வரிசை தளத்தோடு சமமாக மடிய இயலாமற் போயிற்று. மின்கலம் ஒன்று புதிதாக வரும்போது அதற்கு விட்டுக்கொடுப்பது எவருடைய இடம் என்பதையே வரப்போகும் ஒவ்வொரு வண்டியிலும் நாம் உற்று நோக்கவேண்டும்.

ஆனி மாதம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் உற்சவத்துக்காகக் குறிகட்டுவான் துறைக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டால், பெரியம்மா எண்பது கடந்தவர். அப்படிப் புறப்பட்ட ஒரு நாள் உயர்ந்த ஜீப் ஒன்று படலையடியில் வந்து நின்றபோது, ஒரு கையாற் கதவின் பிடியையும் மறு கையாற் பேரனுடைய தோளையும் பற்றிக்கொண்டு, சேலைக் கரையைச் சற்றே தூக்கி வலக்காலை உயர்த்தினார். பாதம் படிக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. “மோனை, என்னை விட்டிட்டுப் போங்கோ, நான் வீட்டில இருந்து கும்பிடுறன்” என்றார். பேரன் ஓடிப்போய் அடுக்களையிலிருந்து பலகைக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்து ஏற்றினான். நிறுத்தியதும் தானாகத் தாழ்ந்து, ஓட்டம் எடுத்ததும் உயர்கிற காற்றுத் தொங்கலமைப்பு இன்று சில பெருவாகனங்களில் உண்டு. வரும் மாற்றங்களில் ஒன்றையே தெரிந்தெடுக்க என்னை அனுமதித்தால், அதையே தயக்கமின்றித் தெரிந்தெடுப்பேன்.

அடுத்தது உப்பு. பண்ணைப் பாலத்தில் இருபுறமும் கடல்நீரேரி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலைத்திவலை வீதியிலேயே விழும். அதைத் தாண்டித் தினமும் போய்வரும் வண்டியின் கதவு அடி விளிம்பை விரலால் தட்டினாற் பூச்சு பொருக்காகக் கழன்று, உள்ளே செம்மண் போலக் கறள் உதிரும். இங்குள்ள கராஜ்களில் வண்டியைத் தூக்கி, நல்ல தண்ணீராற் கழுவி, அடிப்பாகத்துக்குக் கழிவு ஒயில் பூசுவது பழைய வழக்கம். உயர் வோல்ற் கம்பிகள் ஓடும் ஹைபிரிட் வண்டியின் அடியில் அவ்விதம் கண்டபடி பூசுவது உசிதமன்று. ஆகையால் தொழிற்சாலையிலேயே கறட்பாதுகாப்பு எவ்வளவு செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வி, எங்களுக்கு யந்திரத்தின் வலுவைவிட முக்கியமானது.

பழுது பார்க்கும் விஷயமும் அப்படித்தான். 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ40, 1948இல் வந்த மொறிஸ் மைனர் ஆகிய சிறு கார்களே யாழ்ப்பாணத்தவருக்கு நெடுங்காலம் முழுக் குடும்ப வாகனங்களாயிருந்தன. தொண்ணூறுகளில் போரின் காரணமாகப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, யந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரும்புகை கக்கக் கக்க அவை நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரி சேர்த்தன. தீவகத்து மக்கள் 1990ஐ அடுத்து ஊரை விட்டுப் பெயர்ந்து வலிகாமத்தில் ஒதுங்கியிருந்தபோது அவர்களுக்கும் உதவியவை அக்கார்களே. ஒரு சாவிக்கட்டும் ஒரு திருப்புளியும் இருந்தால் எந்த மெக்கானிக்கும் அவற்றைத் திறந்து மூடலாம். கணினி இணைத்தாலன்றி நோய் சொல்லாத வண்டிக்கு, அந்தக் கணினியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் கொழும்பில் மாத்திரம் இருப்பாராயின், முந்நூற்றுத்தொண்ணூறு கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம் சிகிச்சைக்கு முன்பே வந்துவிடுகிறது.

ஆகவே கேட்கிற உறவினருக்கு நான் சொல்லும் மறுமொழி, காத்திருங்கள் என்பதே. யாழ்ப்பாணத்திலேயே ஹைபிரிட் வண்டியைத் திறந்து பார்க்கும் பயிற்சி பெற்ற பட்டறை எது என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது வாங்க எண்ணிய வண்டியின் கடைசி ஆசனத்தில் நீங்களே அமர்ந்து பண்ணையிலிருந்து குறிகட்டுவான் வரை ஒருமுறை போய்வாருங்கள். பெரியம்மாவையும் கூட்டிச்சென்று, எவரும் தூக்காமல் அவர் ஏறுகிறாரா என்று பாருங்கள். அதுவரை உற்சவத்துக்கு வாடகை வான் ஒன்றை முன்கூட்டியே பேசிவைத்தாற் போதும்.