இறுதிநாள் வேடிக்கைப் பொருளா?

உலக முடிவைக் கற்பனை செய்து பார்த்த சமுதாயங்கள் பல. முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டதாகக் கருதப்படும் ‘ஆயிரம் மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) விடையளிப்பதாக வண்ணப் பரிமளப் புலவர் பாடிய அந்நூல், படைப்பு முதல் மறுமை வரை விரிகிறது. இசுலாமிய மரபில் இறுதிநாள் வெறும் அழிவன்று. ஒவ்வொருவரும் தம் செயலுக்குக் கணக்குக் கொடுக்கும் நாள்.

இக்காலத் திரைப்படங்களோ அழிவை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுகின்றன. 2009இல் வெளிவந்த ‘2012’ என்னும் ஆங்கிலப் படத்தில் மாநகரங்கள் சரிகின்றன; கதைத்தலைவனின் குடும்பம் தப்புகிறது; நாமும் நிறைவோடு எழுந்து வருகிறோம். 2008இல் வந்த தமிழ்ப்படமான ‘தசாவதாரம்’, 2004 ஆழிப்பேரலையைக் கொண்டு கொடிய கிருமியை அழிக்கிறது. கடவுளின் செயலா இது என்ற வினாவையே அப்படம் எழுப்புகிறது என்பர் சிலர். ஆயினும் தமிழகக் கரையில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த அலை, கதைச் சிக்கலுக்குத் தீர்வாவது நம் நெஞ்சை உறுத்துகிறது.

ஆங்கிலப் படம் அச்சுறுத்திய 2012 டிசம்பர் அமைதியாகக் கழிந்தது. ஆனால் அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நம் ஆலங்குளத்தை உள்ளடக்கிய இப்பட்டாசு வட்டாரத்தில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஆலை ஒன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் அவ்வாறே உயிர்கள் பலியாயின. ஓருயிரைக் கொல்வதை மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பிடுகிறது திருமறை. அவ்வாறாயின், அக்குடும்பங்களுக்கு அன்றே உலகம் முடிந்ததெனக் கூறுவது மிகையாகாது.

அவ்வழிவு விண்ணிலிருந்து வரவில்லை. மருந்துக் கலவையின் உராய்வு, அளவுக்கு மீறிய இருப்பு, ஓரறையில் அனுமதிக்கு மேல் ஆட்கள் என, வெடிவிபத்துகளின் காரணங்கள் பெரிதும் மனிதர் கையில் உள்ளவை. எனவே கணக்கும் மனிதரிடமே கேட்கப்பட வேண்டும்.

மறுமை வந்துற்ற வேளையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு அறிவுறுத்துகிறது நபிமொழி. முடிவைச் சித்திரிக்கும் கலைக்கு அதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ? அச்சமூட்டி அனுப்புவது எளிது. கடமையை உணர்த்துவதே அரிது. எழுதுகோல் ஏந்தும் நம் மாணவச் செல்வங்கள் அரிதானதைத் தேர்ந்துகொள்வார்களாக! வெடித்த அறையை மட்டும் வருணியாது, அவ்வறையில் அத்தனை பேர் அமர்த்தப்பட்டது ஏன் என்றும் அவர்கள் எழுத்து வினவட்டும்.