மகுடவாசகமும் மொழிபெயர்ப்பின் நேர்மையும்

அரசுகள் தம் இலச்சினைகளிற் பொறித்த இலத்தீன் மகுடவாசகங்களை ஆங்கிலத்திற் பெயர்ப்போர், சொல்லை விடுத்துக் கருத்தைக் கொள்வதே முறையென்பர். நாலைந்து சொற்களே கொண்ட வாசகம் சற்று விரித்தாலன்றி விளங்காது என்பது அவர்தம் வாதம். கவிதைக்கு இது பொருந்தலாம். அரசின் வாசகத்திலோ இவ்வுரிமை பெரும்பாலும் அரசின் நற்பெயரைக் காக்கவே பயன்பட்டுள்ளது.

1775 இல் மசச்சூசெற்ஸ் ஏற்ற ‘என்சே பெத்தித் பிளாசிதாம் சுப் லிபெர்த்தாத்தே குவியேத்தம்’ என்ற வாசகத்தை நோக்குக. ‘சுதந்திரத்தின் கீழ் நிலவும் சாந்தமான அமைதியை வாளால் நாடுகிறது’ என்பதே சொற்பொருள். நாடுவது எது? 17 ஆம் நூற்றாண்டில் அல்ஜெர்னன் சிட்னி எழுதியதாகக் கொள்ளப்படும் ஈரடியின் பின்னடி இது. கொடுங்கோலரைப் பகைத்த கையொன்றே முன்னடியில் எழுவாயாக நிற்கிறது. முன்னடி இலச்சினையில் இடம்பெறவில்லை. வழக்கிலுள்ள ஆங்கிலப் பெயர்ப்போ, ‘நாம் வாளால் அமைதியை நாடுகிறோம், ஆனால் சுதந்திரத்தின் கீழான அமைதியை மாத்திரமே’ என்கிறது. ‘நாம்’, ‘ஆனால்’, ‘மாத்திரம்’ ஆகிய மூன்றும் மூலத்தில் இல்லை. கிளர்ச்சியாளன் ஒருவனின் கை ஓர் அரசின் கையாயிற்று; வாளுக்கு மூலம் கூறாத நிபந்தனையொன்றும் நற்சான்றாகக் கிடைத்தது.

யமேக்காவின் வரலாறு இதனினும் கொடிது. 1655 இல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றி, அடிமைகளின் உழைப்பால் செல்வங் குவித்த தீவு அது. 1661 இல் அதற்கு வழங்கப்பட்ட இலச்சினையின் வாசகம் ‘இந்துஸ் உத்தெர்க்குவே செர்வியெத் ஊனி’ என்பதாகும். ‘இந்தியர் இருவரும் ஒருவருக்கு ஊழியஞ் செய்வர்’ என்பது பொருள். பழைய ஆங்கிலப் பெயர்ப்பு மூலத்தில் இல்லாத ‘ஆண்டவர்’ என்ற சொல்லைச் சேர்த்தது. பிற்காலப் பெயர்ப்பொன்று ‘ஒருமித்து ஊழியஞ் செய்வர்’ என்கிறது. அவ்விருவர் யாவர் என்பதிற் கருத்து வேறுபாடு இருக்கலாம். ‘ஊனி’ என்பது நான்காம் வேற்றுமை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஓர் உருபு மறைந்ததும் எசமானும் மறைந்தான். அடிமைத்தனம் ஒற்றுமையாகத் தோற்றங் கொண்டது.

அப்பெயர்ப்பை வழங்குவோரே, இவ்வாசகம் அடிமைநிலையைச் சுட்டியது என்று உடன் விளக்குகின்றனரே எனச் சிலர் வினவக்கூடும். விளக்கம் ஏட்டோடு நின்றுவிடும். பெயர்ப்போ வாய்வழியே நெடுந்தூரம் செல்லும். 1962 இல் சுதந்திரம் பெற்ற யமேக்கா இவ்வாசகத்தை அகற்றி, ‘பலரிலிருந்து ஒரே மக்கள்’ என்ற பொருளில் ஆங்கில வாசகமொன்றை ஏற்றது. பழைய வாசகம் ஒற்றுமையையே பாடிற்றெனின் அதனை அகற்றியது ஏன்? திருத்திய பெயர்ப்பை மட்டும் கற்கும் மாணவனுக்கு அம்மாற்றத்தின் நியாயமே புரியாது போகும்.

ஒவ்வாத வாசகத்தை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு; அதனைப் பெயர்ப்பினால் மூடி மறைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லை. முதலிற் சொல்லுக்குச் சொல் பொருள் தருக. அரசு விரும்பும் விளக்கம் அதன்கீழ்த் தனியே நிற்கட்டும். தம் பெயரால் என்ன பொறிக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்த பின்னரே மக்கள் அதனை ஏற்கவோ எறியவோ முடியும்.